குவாத்தமாலா முகூர்த்தம்

எங்க வீட்ல சாதியத் தாண்டியாச்சு, மதத்தத் தாண்டியாச்சு. தேதியத்தான் தாண்ட முடியல.

எம்மக, தன்கூட வேலை பாக்குற பையனத்தான் கட்டுவேன்னு சொன்னப்ப நானும் எம்பொண்டாட்டியும் அந்த மாதிரி நேரத்துல பெத்தவங்க என்னென்ன பண்ணணுமோ அதெல்லாம் ஒழுங்காப் பண்ணோம். எம்பொண்டாட்டி ரெண்டு நாள் சாப்பிடல. நான் சாப்பிட்டுட்டு சாப்பிடாத மாதிரி மூஞ்சிய வச்சிருந்தேன். நாங்க மூணு தலைமுறையா சர்ச் பெஞ்ச தேச்ச குடும்பம். பையன் வீடு அலங்காநல்லூர்ப் பக்கம், நெல்லும் கரும்பும் போடுற வீடு, வாசல்ல ஒரு காளை நிக்கும். அங்கயும் இதே கூத்து நடந்திருக்கு. பையனோட அப்பா பல மாசம் மகன்கூடப் பேசல, காளைகிட்ட மட்டும் பேசியிருக்காரு. கடைசில ரெண்டு வீட்லயும் களைச்சுப்போய் சரின்னு சொல்லிட்டோம். சம்மதம்னு நாங்க சொல்றது பாதி நேரம் களைப்புதான்.

சரி, கல்யாணத்த எப்ப வைக்கிறதுன்னு உக்காந்தோம். அங்க ஆரம்பிச்சுச்சு.

பங்குனில வைக்கலாம்னு அவங்க சொன்னாங்க. அது எங்களுக்குத் தவக்காலம், மேளம் கூடாது. சித்திரைன்னு நாங்க சொன்னோம். அழகர் ஆத்துல இறங்குற மாசம், ஊர்க்காரன் ஒருத்தன்கூட மண்டபத்துக்கு வரமாட்டான்னு அவங்க சொன்னாங்க. வைகாசில எல்லா மண்டபமும் போன வருசமே போயிருச்சு. ஆனில அவங்க பங்காளி வீட்ல ஒரு பெரியவர் தவறிட்டாரு, தீட்டு. ஆடின்னு நான் வாயத் தொறந்ததுக்கே சம்மந்தியம்மா காதப் பொத்திக்கிட்டாங்க. இதுல ஒரே நாள்ல ரெண்டு சடங்கு. காலைல முகூர்த்தம் அவங்களுக்கு வேணும், மொதல்ல சர்ச்சுல ஜெபம் எங்களுக்கு வேணும். எங்க மக மொதல்ல ஆண்டவர் முன்னாடிதான் நிக்கணும்னு எம்பொண்டாட்டி. நல்ல நேரத்துல தாலி ஏறாம எங்கயும் போய் நிக்கக்கூடாதுன்னு சம்மந்தியம்மா.

இதுக்கு நடுவுல கம்பெனிக்காரன் மாப்பிள்ளைய ரெண்டு வருசம் வெளிநாட்டுக்கு அனுப்புறேன்னு சொல்லிட்டான். ஆவணி முடியுறதுக்குள்ள கல்யாணம்னா எம்மகளும் கூடப் போவா. இல்லன்னா ரெண்டு வருசம் கழிச்சுதான். ரெண்டு வருசத்துல பங்காளிகளும் சபைக்காரங்களும் சேந்து என்னென்ன பேசுவாங்கன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ என்கிட்ட ஒரே ஒரு தடவதான் சொன்னா. "ப்பா, தள்ளிப்போனா நடக்காதுப்பா." எல்லாத்துக்கும் ஒரு ஜோக் வச்சிருக்குற எனக்கு அதுக்கு மட்டும் ஒண்ணும் வரல.

நான் ஒரு மிஷன் காலேஜ்ல ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். அங்க எங்களுக்கு டே ஆர்டர்னு ஒண்ணு உண்டு. திங்கள் செவ்வாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இன்னைக்கு நாலாவது டே ஆர்டர்னா, நாளைக்கு லீவு விட்டாலும் நாளன்னைக்கு வந்து அஞ்சாவதுலருந்து ஓடும். புதுசா வர்ற பிள்ளைக மொத வாரம் தப்பான கிளாஸ்ல போய் உக்காந்திருக்கும். நான் முப்பது வருசமா உக்காந்திருக்கேன்னு வாத்தியாருங்க சொல்லுவாங்க.

அதனாலதான் அந்த மாயா காலண்டர் எனக்குச் சட்டுன்னு பிடிபட்டுருச்சு. ஒரு வருசம் உலகம் அழியப்போகுதுன்னு டிவில எல்லாம் போட்டானே, அவங்களோடதுதான். அன்னைக்கு எங்க சர்ச்சுல முழு இரவு ஜெபம் வச்சாங்க. நான் கடைசி நாளாச்சேன்னு மட்டன் எடுத்தேன். உலகம் அழியல, எனக்குத்தான் ரெண்டு நாள் வயிறு சரியில்ல. அத்தோட மாயாக்காரங்கள நான் மறந்துட்டேன். இப்பப் போன்ல தேதி தேடித் தேடி, நல்ல நாள் நல்ல நாள்னு அடிச்சு அடிச்சு, அந்தப் போனுக்கே சலிச்சுப்போய் ஒரு நாள் இந்த ஆப்பக் கொண்டாந்து காட்டுச்சு.

விஷயம் இதுதான். இருபது நாளுக்கு இருபது பேரு: முதலை, காத்து, ராத்திரி, சோளம், பாம்புன்னு ஆரம்பிச்சு மான், முயல், நாய், குரங்குன்னு போய் மழை, சூரியன்ல முடியும். பக்கத்துலயே ஒண்ணுலருந்து பதிமூணு வரைக்கும் நம்பர் தனியாச் சுத்தும். இன்னைக்கு அஞ்சு மான்னா நாளைக்கு ஆறு முயல். ரெண்டும் சேந்து ஒரு சுத்து வர இருநூத்தி அறுவது நாள். லீவே விடாம ஓடுற டே ஆர்டர், அம்புட்டுதான். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம், சதுரமா, மூஞ்சியும் சுருளுமா, ஓட்டைச் சட்டில பிழிஞ்ச முறுக்கு மாதிரி. மான்னு போட்டிருக்கான், படத்துல பாத்தா ஒரு கை. ஏன்னு எனக்கும் தெரியல. குவாத்தமாலால இன்னமும் இதப் பாத்துச் சொல்ற ஆளுக இருக்காங்களாம். அவங்கள்ல நெறையப் பேரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் போயிட்டு இதையும் பாக்குறாங்களாம். அதப் படிச்சப்ப அந்த ஊரு மேல எனக்கு ஒரு பாசமே வந்துருச்சு.

மண்டப ஆபீஸ்ல வச்சுத்தான் நான் அந்தக் கெட்ட காரியத்தப் பண்ணேன். நானும் சம்மந்தியும் மட்டும் போயிருந்தோம். மேனேஜர் பெரிய நோட்டப் புரட்டி, ஆவணில ஒரு நாள்கூட இல்ல, யாராச்சும் கேன்சல் பண்ணா கூப்புடுறேன்னு சொல்லிட்டாரு. சம்மந்தி ஒண்ணும் பேசல. அவரு பேசுற ஆளே இல்ல. துண்ட மடிச்சு மடியில வச்சுக்கிட்டு ஃபேனப் பாத்துக்கிட்டிருந்தாரு. அந்த மௌனம் எனக்குத் தாங்கல. எனக்கு மௌனம்னா ஆகாது, எங்க மௌனம் இருந்தாலும் அதுல ஒரு ஜோக்கத் தூக்கிப் போட்டுருவேன். சாவு வீட்லயே போட்டிருக்கேன். எங்க காலண்டரும் வேணாம், உங்க பஞ்சாங்கமும் வேணாம், மூணாவதா அமெரிக்காக் கண்டத்துல ஒரு காலண்டர் இருக்கு, அம்பயரா அத வச்சுக்குவமான்னு கேட்டு, போன எடுத்துக் காமிச்சேன்.

அவரு சிரிக்கல. போன வாங்கிக் கண்ணுக்கிட்ட வச்சுப் பாத்தாரு.

"இவங்களுக்கு நம்ம என்ன ஆளுகன்னு தெரியாதுல்ல?"

"தெரியாது சம்மந்தி. மதுரையே தெரியாது."

"அப்பப் பாப்போம்," அப்பிடின்னாரு.

மறுநாள் காலைல ஆறு மணிக்குப் போன் அடிச்சுச்சு. நான் யாரோ போயிட்டாங்கன்னு பதறி எந்திரிச்சேன். சம்மந்தி. இன்னைக்கு என்ன நாளுன்னு கேட்டாரு. வியாழக்கிழமைன்னேன். அது எனக்குத் தெரியாதா, அங்க என்ன நாளுன்னாரு. கண்ணாடியத் தேடி, ஆப்பத் தொறந்து, நாய்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டாரு.

சாயங்காலம் திரும்பக் கூப்புட்டாரு. அவங்க தெரு நாயி கரண்டு பில் கணக்கெடுக்க வந்த ஆளக் கடிச்சுருச்சாம். குரல்ல அப்பிடி ஒரு மரியாதை. அந்த நாயி வாரத்துக்கு ஒருத்தரக் கடிக்கிற நாயின்னு எனக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருந்தாரு. நான் வாய மூடிக்கிட்டேன். ஒரு மனுசன் இம்புட்டு மரியாதையா நம்மகிட்டப் பேசுறப்ப குறுக்க எதுக்குப் பேசணும்.

அன்னைலருந்து தினம் காலைல ஆறு மணிக்கு நான் நாள் சொல்லணும். தண்ணி நாளன்னைக்கு அவங்க வாய்க்கால்ல பெரியாத்துத் தண்ணி வந்து சேந்துச்சு. கத்தி நாளன்னைக்கு அவருக்குச் சவரத்துல கன்னம் கிழிஞ்சுச்சு. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா ருசி ஏறிருச்சு. ஆப்ல ரெண்டு வரி போட்டிருந்தா நான் நாலு வரியாச் சொல்லுவேன். குரங்கு நாளு கல்யாணத்துக்கு ரொம்ப விசேஷம்னு போட்டிருக்கான்னு ஒரு நாள் படிச்சேன். அது உண்மையாவே போட்டிருந்துச்சு. சம்மந்தி அதக் கேட்டுட்டு, கல்யாணத்துக்குக் குரங்கு, சரியாத்தான் வச்சிருக்கான்னாரு.

எம்பொண்டாட்டி காப்பிய மேசைல வைக்கிற சத்தத்துலயே எனக்கு விசயம் புரிஞ்சுரும். சர்ச் கமிட்டில இருந்துக்கிட்டு விடியக்காலைல நாயி, நரின்னு குறி சொல்றீங்களேன்னு கேட்டா. நரி இல்ல, லிஸ்ட்ல கிடையாதுன்னேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் காப்பி ஆறித்தான் வந்துச்சு.

ஆனா எங்க ஆளுக யோக்கியதையையும் சொல்லணும். நாங்க ராகுகாலம் பாக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல புது வீட்ல பால் காய்ச்ச மாட்டோம், கேட்டா வெயில் ஏறிரும்போம். சனிக்கிழமை புது வண்டி எடுக்க மாட்டோம், கேட்டா ஷோரூம்ல கூட்டம்போம். அஷ்டமி, நவமி எல்லாம் சாத்தானோட தந்திரம்னு மைக்க விழுங்குற மாதிரிப் பேசுற எங்க சபைச் செயலாளர், ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் என்ன வண்டி ஸ்டாண்டுப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனாரு. எப்பிடியோ அவரு காதுக்குப் போயிருச்சு. திட்டப்போறாருன்னு நான் கையக் கட்டி நின்னேன்.

"தம்பி, அந்தக் காலண்டரு இந்துக்களோடது இல்லல்ல?"

"இல்லண்ணே."

"அப்பப் பாவத்துல வராது. மகன் கார் டெலிவரி எடுக்கணும். புதனா, வெள்ளியா, பாத்துச் சொல்லு."

பாத்துச் சொன்னேன். புதன்கிழமை முயல்ங்கவும், வேகமாப் போகும்னு சந்தோசப்பட்டுப் போனாரு. மூணாம் நாள் பம்பர்ல கீறல் விழுந்துச்சு. அதுக்கு அவரு என்னக் குத்தம் சொல்லல, பிசாசத்தான் சொன்னாரு.

ஆடி கடைசில மண்டப மேனேஜர் கூப்புட்டாரு. யாரோ கேன்சல் பண்ணிட்டாங்க, ஆவணில ஒரு வியாழக்கிழமை இருக்குன்னாரு. உடனே எல்லாருக்கும் போன் போட்டோம். பாஸ்டருக்கு அன்னைக்கு வேலை இல்ல. பஞ்சாங்கத்துல வளர்பிறை, முகூர்த்தம் பத்தரைலருந்து பன்னெண்டு. சம்மந்தியம்மா சரி. எம்பொண்டாட்டி, எது முன்ன எது பின்னன்னு அப்புறம் பேசிக்கலாம், மண்டபத்தப் பிடிங்கன்னா. எம்மக ஆபீஸ்லருந்தே அழுதா. அட்வான்ஸ் குடுத்துட்டு வெளிய வந்து ஒரு ஜிகர்தண்டா சாப்பிட்டு, கை சும்மா இருக்காம, அந்த வியாழக்கிழமைக்கு ஆப்ல என்ன போட்டிருக்கான்னு பாத்தேன்.

பதிமூணு சாவு.

படத்துல ஒரு மூஞ்சி, கண்ணு மூடியிருக்கு, கன்னத்துல பர்சென்டேஜ் குறி மாதிரி ஒண்ணு. நான் ஆப்ப மூடித் திறந்தேன். போன அணைச்சுப் போட்டேன். கண்ணு மூடின மூஞ்சி அப்பிடியே இருந்துச்சு. கீழ ரெண்டு வரி போட்டிருந்தான்: முன்னோர்கள நெனைக்குற நாளு, மன்னிப்புக் கேக்குற நாளு, கெட்ட நாளு கிடையாதுன்னு. இத நான் யாருக்குச் சொல்லிப் புரியவைக்கிறது? அஞ்சு நாள் கழிச்சுக் குரங்கு வருது, ஆனா அது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில ரெண்டு வீட்லயுமே கல்யாணம் வைக்க மாட்டோம். அவங்க காரணம் சொல்லுவாங்க, நாங்க சொல்ல மாட்டோம், அம்புட்டுதான் வித்தியாசம்.

மறுநாள் காலைல சம்மந்தி கூப்புட்டாரு. இன்னைக்கு என்ன நாளுன்னு கேக்கல. கல்யாணத்தன்னைக்கு என்ன நாளுன்னு கேட்டாரு. நெட் வரலன்னேன். அதுக்கு மறுநாளும் நெட் வரலன்னேன்.

"நெட் வரலன்னு வாட்ஸப் கால்ல சொல்றீங்க, சம்மந்தி," அப்பிடின்னாரு அமைதியா.

நேர்ல வாரேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன். அலங்காநல்லூர் ரோட்டுல பூராவும் என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். எல்லா ஒத்திகையும் ஜோக்காவே முடிஞ்சுச்சு. அவரு வயல்ல மோட்டார் ரூம்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு. நான் வரப்புல நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு தடவ சேத்துல கால விட்டேன். போய்ச் சேந்ததும் ஒத்திகையெல்லாம் மறந்துபோச்சு. போன எடுத்து நீட்டினேன். நீட்டிட்டு என்னன்னு சொன்னேன்.

அவரு மோட்டார நிறுத்தினாரு. தண்ணிச் சத்தம் நின்னதும் ரெண்டு பேரும் தனியா நிக்கிற மாதிரி ஆயிருச்சு. வேற யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. யாருக்கும் தெரியாதுன்னேன். வீட்ல கேட்டா முடிஞ்சுச்சு சோலின்னாரு. எங்க வீட்லயும்தான்னேன். அப்புறம், இதெல்லாம் நான் வெளையாட்டா ஆரம்பிச்சது, யாரோ எவனோ கண்டம் விட்டுக் கண்டம் எழுதினது, இதுக்குப் போய்க் கல்யாணத்த நிறுத்துனா எம்மக என்ன ஆவான்னு கடகடன்னு பேசினேன். என் குரல் எனக்கே பிடிக்கல.

"நீங்க வெளையாட்டாத்தான் சொன்னீங்க," அப்பிடின்னாரு. "நான் வெளையாட்டாக் கேக்கல. ஒரு வருசமா எம் பங்காளிக என்ன சொல்றாங்க தெரியுமா? இந்தக் கல்யாணத்துக்கு எந்தச் சாமியும் உத்தரவு குடுக்கலன்னு. குலசாமிகிட்டப் பூப்போட்டுக் கேக்க எனக்குப் பயம், கேக்கல. உங்க சாமி என்னக் கேக்காது. நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தன் சரின்னு சொன்னாப் போதும்னு இருந்தேன். அவன் இப்பிடிச் சொல்லிட்டான்."

அவரு அம்புட்டு நீளமாப் பேசி நான் கேட்டது அதான் முதல் தடவை. தெரியாம இருந்திருந்தா மேடைல உக்காந்திருப்பேன், தெரிஞ்சுபோச்சே, எப்பிடி உக்காருறதுன்னு தரையப் பாத்துச் சொன்னாரு. சாவக் கொண்டாந்து அவரு மடியில வச்சது நான்தான்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு.

அப்புறம், அது எந்த ஊர் கணக்குன்னு கேட்டாரு. குவாத்தமாலான்னேன். அங்க இப்ப மணி என்னன்னு கேட்டாரு. மகன் போன வருசம் அமெரிக்கா போனப்ப இங்க பொங்கல் வச்சுட்டுப் போன் போட்டாங்களாம், அவன் அங்க போகிக்குத் தூங்கிக்கிட்டிருந்தானாம். அப்ப இதுக்கும் அந்தக் கணக்கு உண்டுல்லன்னு கேட்டாரு.

நான் போன்ல பாத்தேன். பாத்தவன் வரப்புலயே உக்காந்துட்டேன். அவங்க நமக்குப் பதினொன்னரை மணி நேரம் பின்னாடி. நமக்குப் பகல் பதினொன்னரை ஆனாத்தான் அங்க நடுராத்திரி தாண்டி அந்தத் தேதியே பொறக்கும். அது வரைக்கும் முந்துன நாளுதான். ஆப் பாட்டுக்கு எம்போன்ல இருக்குற தேதிய எடுத்து ஓடிக்கிட்டிருந்திருக்கு. அப்பிடின்னா தினம் காலைல ஆறு மணிக்கு நான் சொன்னது பூராவும் நாளைக்கு உள்ளது. நாய், தண்ணி, கத்தி, எல்லாம் தப்பு. இதச் சொல்லிட்டுத் தலையத் தொங்கப் போட்டேன்.

அவரு அசரல. "அதான் ஒரு நாள் முன்னாடியே எச்சரிச்சிருக்கீங்கல்ல," அப்பிடின்னாரு.

அப்ப முகூர்த்தம் பதினொன்னரைக்கு முன்ன முடிஞ்சா சாவு கிடையாது. முந்துன நாளு என்னன்னு பாத்தோம். பன்னெண்டு பாம்பு. அவரு மூஞ்சி தெளிஞ்சுருச்சு. பாம்புன்னா நாகம்மா, எங்க வீட்டுக்காரி செவ்வாய்க்குச் செவ்வாய் பால் ஊத்துறவ, இதவிட வேற என்ன வேணும்னாரு. சிக்கல் எனக்குத்தான். எங்க வீட்ல பாம்புன்னா யாரு? ஏவாள்கிட்டப் பழத்தக் குடுத்தவன். எம்பொண்டாட்டி மகளப் பாம்பு நாள்ல சர்ச்சுல நிக்க வைப்பாளா? அவளுக்குச் சாவாச்சும் பரவாயில்ல, மூணாம் நாள் எந்திரிச்ச கதை இருக்கு. பாம்புக்கு அப்பிடி ஒரு வழியே கிடையாது.

இத நான் அவருகிட்டச் சொன்னேன். உங்களுக்குச் சாவு பரவாயில்லையான்னு ரெண்டு தடவ கேட்டாரு. பரவாயில்லன்னேன். எங்களுக்குப் பாம்பு பரவாயில்லன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். காலைல மண்டபத்துல பாம்புல தாலி. சாயங்காலம் நாலு மணிக்கு சர்ச்சுல சாவுல ஜெபம். எது முன்ன எது பின்னன்னு நாலு மாசமா ரெண்டு பொம்பளைகளும் அடிச்சுக்கிட்டதுக்குக் குவாத்தமாலாக்காரன் ஒரு வரப்புல வச்சுத் தீர்ப்புச் சொல்லிட்டான். பாஸ்டருக்குச் சாயங்காலம்தான் சௌகரியமாம்னு நான் வீட்ல சொல்றது. முகூர்த்தத்துல முன்பாதிதான் விசேஷமாம்னு அவரு வீட்ல சொல்றது. ரெண்டு வீட்லயும் ஆச்சரியமா யாரும் எதுத்துப் பேசல. நம்ம சாமர்த்தியம்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

கல்யாணத்தன்னைக்குப் பதினோரு மணிக்கு எல்லாம் தயார். மாப்பிள்ளையோட தாய்மாமன் மட்டும் வரல. கொட்டாம்பட்டிலருந்து சீர் கொண்டு வர்றாரு. தாய்மாமன் வராம அங்க தாலி ஏறாது. பதினொன்னு பத்துக்கு வாசல்ல வெடிச்சத்தம் கேட்டுச்சு. வந்தாச்சுன்னு மேடை பூராவும் மூச்சு விட்டுச்சு. ஆனா வந்த மனுசன் உள்ள வரல. தலைல தட்டு தட்டா பழம், பாத்திரம், புடவைன்னு இருபது பொம்பளைக நிக்க, முன்னாடி மேளத்தோட இவரு ஆடிக்கிட்டிருக்காரு. ஒரு அடி முன்ன வச்சா ரெண்டு அடி பின்ன போறாரு. ஒத்தத் தங்கச்சி மகன் கல்யாணம், ஆடாம என்ன பண்ணுவாரு.

நான் மேடைலருந்து இறங்கி ஓடினேன். என் சபைக்காரங்க முன் வரிசைல உக்காந்து பாத்துக்கிட்டிருக்காங்க. நடுவுல புகுந்து அவரு துண்டப் பிடிச்சு, அண்ணே, உள்ள வாங்கண்ணே, நேரம் போகுதுன்னு இழுத்தேன். அவரு நானும் ஆட வந்ததா நெனைச்சு எங் கையப் பிடிச்சுச் சுத்தி விட்டாரு. ஒரு சுத்து ஆடிட்டுத்தான் இழுத்துட்டு வந்தேன். மேடைக்கு வந்தா ஐயர் நிதானமா நெய் ஊத்திக்கிட்டிருக்காரு. சீக்கிரம் ஆகட்டும் சாமின்னேன். முகூர்த்தம் பன்னெண்டு வரைக்கும் இருக்கே, என்ன அவசரம்னாரு.

"பதினொன்னரைக்கு மேல நேரம் சரியில்ல சாமி."

மைக் எங்க இருந்துச்சுன்னு நான் கவனிக்கல. மண்டபம் பூராவும் கேட்டுச்சு. கோட்டு சூட்டுப் போட்ட சர்ச் கமிட்டி ஆளு ஐயருக்கு நல்ல நேரம் சொல்றான். எங்க செயலாளர் மட்டும் தலைய ஆட்டினாரு, புரிஞ்ச மாதிரி. ஐயர் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, மேளத்துக்குக் கையக் காட்டினாரு.

தாலி ஏறுச்சு. எம்மக தலை குனிஞ்சிருந்தா, எனக்குப் பின்கழுத்து மட்டும்தான் தெரிஞ்சுச்சு. நான் அரிசியப் போடுறதா, அழுறதா, மணியப் பாக்குறதான்னு நிக்கிறப்ப, பக்கத்துல நின்ன எம்பொண்டாட்டி எங் கையப் பிடிச்சுத் திருப்பி என் வாட்ச்சப் பாத்தா.

"இன்னும் நாலு நிமிசம் இருக்கு," அப்பிடின்னா.

எதுக்குன்னு கேட்டேன். அவ என்னப் பாக்கல, எதிர்ப்பக்கம் பாத்தா. அங்க சம்மந்தியம்மா நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, இவளப் பாத்துத் தலைய ஆட்டினாங்க. ஒரு மாசமா ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. பாம்பு, சாவு, பதினொன்னரை, காலைல ஆறு மணிக்கு நாங்க போன்ல குசுகுசுத்தது எல்லாம் ரெண்டு பேரு காதுலயும் விழுந்திருக்கு. ஆம்பளைக சந்தோசமா மறைச்சுக்கிட்டிருக்காங்க, இருக்கட்டும்னு விட்டிருக்காங்க. எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் கிடையாதுன்னு எம்பொண்டாட்டி சொன்னா. சொல்லிட்டுத் திரும்ப வாட்ச்சப் பாத்தா.

சாயங்காலம் நாலு மணிக்கு சர்ச். சம்மந்தி முன் பெஞ்சுல என் பக்கத்துல, மடிச்ச துண்டு மடியில. எழுந்திரிக்கிறப்ப எழுந்திரிச்சாரு, உக்காருறப்ப உக்காந்தாரு, பாட்டுப் புத்தகத்தத் தலைகீழாவாச்சும் பிடிச்சிருந்தாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. பாஸ்டர் உடன்படிக்கை சொல்ல ஆரம்பிச்சாரு. வாழ்விலும் தாழ்விலும் சொன்னாரு, நோய் சொன்னாரு, அப்புறம் மரணம் நம்மைப் பிரிக்கும் வரைன்னு சொன்னாரு. மாப்பிள்ளை அதத் திருப்பிச் சொன்னாரு.

சம்மந்தி என் தொடைய இறுக்கிப் பிடிச்சாரு. இன்னைக்கு நாளப் பாத்து இவரு எதுக்கு இதச் சொல்றாருன்னு காதுல கேட்டாரு. எங்கள்ல எல்லாக் கல்யாணத்துலயும் இதச் சொல்றதுதான்னேன். என்னைக்கு வச்சாலுமான்னாரு. என்னைக்கு வச்சாலும்னேன்.

என் தொடைலருந்து கைய எடுத்தாரு.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா குவாத்தமாலா வரைக்கும் நாம போயிருக்க வேண்டாமேய்யா," அப்பிடின்னாரு.

அடுத்து எம்மக முறை. அவ பாஸ்டர் சொல்லிமுடிக்கிற வரைக்கும்கூடக் காத்திருக்கல, தடுமாறாம, மண்டபத்துல மைக்ல பேசுன என்னவிடச் சத்தமா, மரணம் வரைக்கும் சொல்லி முடிச்சா.